பாட்டில் மூடியிலிருந்து பெயர்ப்பலகை வரை: கடைக்கு லோகோ வரையும் முறை

லோகோ வரையக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கம்ப்யூட்டரைத் திறந்துதான் தொடங்குகிறார்கள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். இந்த லோகோ எங்கெல்லாம் ஒட்டப்படும், அதில் மிகச் சின்ன இடம் எது, மிக மோசமாக அச்சாகும் இடம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் தெளிவாக நிற்கிற லோகோ மற்ற எல்லா இடத்திலும் நிற்கும். பன்னிரண்டு அடிப் பலகையில் பிரமாதமாகத் தெரிவது பாட்டில் மூடியில் வெறும் அழுக்குத் திட்டாகிவிடலாம், ஆனால் மூடியில் புரிவது பலகையில் கண்டிப்பாகப் புரியும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் மனதில் நிற்காது. அதனால் நான் செய்த ஒரு வேலையை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை, ஓர் அண்ணனும் அவர் மனைவியும் மகளும் சேர்ந்து நடத்துவது. கடையின் பெயர் இங்கே தேவையில்லை, அதில் 'செக்கு' என்ற சொல் வரும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு லோகோ இருந்தது. மாடு, மாட்டை ஓட்டும் ஆள், செக்கு, தென்னை மரம், பின்னால் சூரியன், கீழே இரண்டு இலை, அதற்கும் கீழே வளைத்து எழுதிய பெயர். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நன்றாக வரைந்த படம்தான். பாட்டில் லேபிளில் அது இரண்டு சென்டிமீட்டராகச் சுருங்கியபோது மாடு எது மரம் எது என்று எனக்கே தெரியவில்லை.

பென்சிலுக்கு முன்னால்

"எப்படிப்பட்ட லோகோ வேண்டும்?" என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள். அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமே இல்லை, கேட்டால் "நல்லா பளிச்சுனு இருக்கணும்" என்றுதான் பதில் வரும். அவருக்கு நிச்சயமாகத் தெரிந்ததைக் கேளுங்கள். உங்களிடம் வாங்க வருகிறவர்கள் யார்? பாக்கெட் எண்ணெய் உங்களுடையதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது ஏன் உங்களிடம் வருகிறார்கள்? ஊரில் இந்தக் கடையை என்ன பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள்? எதை மாற்றினால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். அண்ணன் அதற்கு உடனே சொன்னார், "மாடு இல்லீனா செக்குன்னு எப்படிங்க தம்பி தெரியும்?" அந்த ஒரு வாக்கியத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன், அது பின்னால் உதவியது.

அப்புறம் கடைக்கு நேரில் போங்கள். போனில் பேசி, வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ வாங்கி வேலையை முடிப்பது சுலபம்தான், ஆனால் பக்கத்துக் கடைகளின் பலகை என்ன நிறத்தில் இருக்கிறது, ரோட்டின் எந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பாட்டிலை அலமாரியில் எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் போட்டோவில் வராது. அங்கேயே நின்று ஒரு பட்டியல் போடுங்கள். இந்தக் கடைக்கு நான் போட்டது இது: வாசல் பலகை, அரை லிட்டர் மற்றும் ஒரு லிட்டர் லேபிள், ஐந்து லிட்டர் கேன், மூடிமேல் ஒட்டும் 20 மில்லிமீட்டர் வட்ட ஸ்டிக்கர், கடை முத்திரையாகப் போடும் ரப்பர் ஸ்டாம்ப், கூரியர் அட்டைப்பெட்டி, ஒரே நிறத்தில் ஸ்க்ரீன் பிரிண்ட் அடிக்கும் மஞ்சப்பை, டெம்போவின் பக்கவாட்டு, வாட்ஸ்அப் டிபி, அப்புறம் பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர். அந்தப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி மட்டுமே அடிக்கும், கறுப்பைத் தவிர வேறு நிறமும் கிடையாது. ஆக, நம்முடைய கடினமான இடங்கள் மூன்று: மூடி, ஸ்டாம்ப், பில்.

பெயர்ப்பலகையைப் பற்றி இன்னொன்று. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்களுக்கான 1948ஆம் ஆண்டு விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் இருந்தே ஆக வேண்டும், வேறு மொழியும் சேர்த்தால் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் வர வேண்டும். ஆங்கிலத்தில் லோகோவை முடித்துவிட்டுத் தமிழைக் கடைசியில் ஒரு மூலையில் ஒட்டவைக்கிற வழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவாவது விட்டுவிடுங்கள். தமிழ்ப் பெயரை முதலில் வரையுங்கள், ஆங்கிலம் அதற்குத் துணையாக வரட்டும்.

ஏற்கெனவே யாரிடம் இருக்கிறது

வரையத் தொடங்கும் முன்பே பெயரையும் படத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டிரேட்மார்க் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். பொருள்களும் சேவைகளுமாக மொத்தம் 45 வகுப்புகள் பிரித்திருக்கிறார்கள், சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும், மசாலா, மாவு, காபி எல்லாம் 30, ஆயத்த ஆடை 25, ஓட்டல் 43. உங்கள் கடையின் வகுப்பில் அதே பெயரோ, உச்சரிப்பில் நெருங்கிய பெயரோ இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். லேபிள் அடித்து முடித்தபிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தால் அந்தச் செலவு முழுக்க கடைக்காரர் தலையில்தான் விழும்.

இன்னொரு சிக்கல், 'மரச்செக்கு எண்ணெய்' மாதிரி பொருளின் பெயரையே சொல்கிற சொற்களை யாரும் தனக்கு மட்டும் என்று பதிவு செய்துகொள்ள முடியாது. அதனால் கடைக்கென்று தனியாக ஒரு பெயர் தேவை, தனியான ஓர் உருவமும் தேவை.

எதை வரையக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேசியக்கொடி, அசோகச் சக்கரம், நான்முகச் சிங்கம், காந்தி படம், மாநில அரசின் கோபுரச் சின்னம் இதையெல்லாம் வியாபாரத்துக்குப் பயன்படுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை போட்டிருக்கிறது. உணவுப் பொருளாக இருந்தால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி என்ற சைவக் குறி லேபிளில் கட்டாயம் வரும், ஆகவே அதைப்போலவே தோன்றும் பச்சை வட்டத்தை லோகோவில் வைக்க வேண்டாம், இரண்டும் பக்கத்தில் வந்தால் குழப்பம். சாமி படம் கேட்பார்கள். அதற்கு நான் ஒன்றுதான் சொல்வேன்: காலி பாட்டில் கடைசியில் குப்பைக்குத்தான் போகும், சாமியை அங்கே அனுப்ப வேண்டாம். இதைச் சொன்னால் பெரியவர்கள் உடனே ஒத்துக்கொள்கிறார்கள்.

சொல்லிலிருந்து கிறுக்கல்

இப்போது ஒரு தாளில் கடையோடு தொடர்புள்ள சொற்களை எல்லாம் எழுதுங்கள். படம் வேண்டாம், சொல் மட்டும். நான் எழுதியது: எள், கடலை, கொப்பரை, உரல், உலக்கை, வாகை மரம், மாடு, நுகம், சுற்று, கொம்பு, புண்ணாக்கு, மணம், சொட்டு, தூக்குவாளி. ஒரு நாற்பது சொல்லாவது வரும்வரை எழுதுங்கள். முதல் பத்து எல்லோருக்கும் தோன்றுவது. மரச்செக்கு என்றதும் மாடும் எண்ணெய்ச் சொட்டும் வரைந்துவிடலாம், ஆனால் அந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு கடை அதைத்தான் வைத்திருக்கிறது.

அப்புறம் ஒரு ரூபாய் நாணயத்தைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள், ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது வட்டம் வரும். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு யோசனை, தடித்த மார்க்கர் பேனாவால். மெல்லிய பென்சில் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது: தடித்த முனையால் நுணுக்கம் வரைய முடியாது, அதனாலேயே தேவையில்லாதது தானாக உதிர்ந்துபோகும். இந்தக் கட்டத்தில் அழகாக வர வேண்டும் என்ற கவலையே வேண்டாம். மூன்று பக்கம் நிறையட்டும்.

மேலே சொன்ன சொற்களை நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் 'கொம்பு' என்ற சொல்லில் நின்றேன். 'செ' என்ற எழுத்தில் சகரத்துக்கு முன்னால் வருகிற குறிக்குப் பெயரே ஒற்றைக்கொம்பு, சின்ன வயதில் எல்லோரும் சொல்லிச் சொல்லி எழுதிப் பழகியதுதான். காங்கேயம் காளையின் கொம்பு அடியில் தடித்து, வெளிப்பக்கமாக வளைந்து, மேலே போகப்போக ஒல்லியாகும். ஒற்றைக்கொம்பின் கீழ்ச் சுழியை மாடு சுற்றிவருகிற வட்டமாகவும், அதிலிருந்து எழும் வளைவைக் காளைக் கொம்பாகவும் வரைந்தால் தனியாக மாட்டுப் படமே தேவையில்லை, எழுத்தே மாடாகிவிடுகிறது. அண்ணன் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற மாடு அங்கே இருக்கிறது, கடையின் பெயரும் அங்கேயே இருக்கிறது.

இப்படி ஒவ்வொரு வேலையிலும் அமையும் என்று சொல்லவில்லை. அமையாவிட்டால் பெயரை மட்டும் நல்ல எழுத்தில் எழுதுவது போதும், வலிந்து ஒரு படத்தைச் சேர்க்காதீர்கள். ஸ்டேட் வங்கியின் சின்னத்தைப் பாருங்கள், 1971இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேகர் காமத் வடிவமைத்தது. ஒரு வட்டம், நடுவில் ஒரு சின்ன வட்டத் துளை, அதிலிருந்து கீழே ஒரு வெட்டு, அவ்வளவுதான். காம்பஸும் ஸ்கேலும் இருந்தால் பள்ளிக்கூடப் பையன் வரைந்துவிடுவான். பாஸ்புக்கின் மூலையிலும் கட்டடத்தின் உச்சியிலும் அது ஒரே மாதிரி தெரிகிறது. நினைவிலிருந்து ஒருவர் தாளில் வரைந்துகாட்ட முடிகிற அளவுக்கு எளிமை வேண்டும் என்பதே நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் லோகோ பற்றிக் கிடைக்கிற பாடங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தை வைத்தே சொல்லிக்கொடுக்கின்றன.

முதல் ஆபத்து புள்ளி. 'செக்கு' என்று எழுதி, சின்னதாக்கி, மூடி ஸ்டிக்கர் அளவில் அச்செடுத்துப் பாருங்கள். க் மேலுள்ள புள்ளி மறைந்து 'செககு' ஆகிவிடும். நாம் பழக்கத்தில் சரியாகப் படித்துவிடுவோம், ஆனால் அச்சில் அது பிழைதான். ஃபான்டில் வருகிற புள்ளி பத்தி எழுத்துக்கு ஏற்ற அளவில் இருக்கும், லோகோவுக்கு அதைக் கையால் பெரிதாக்குங்கள், எழுத்தின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம், எழுத்தின் தலையிலிருந்து சற்றே விலக்கியும் வையுங்கள். ஒட்டி வைத்தால் மை பரவி இரண்டும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது, எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை. ண, ஞ, ஐ, ழ மாதிரி எழுத்துகளுக்குள் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. தடித்த ஃபான்டில் போட்டு ரப்பர் ஸ்டாம்பில் அடித்தால் அவை அடைத்துக்கொள்ளும். 'எண்ணெய்' என்ற சொல்லில் இரண்டு ணகரம் அடுத்தடுத்து வருகிறது, ஒன்றில் புள்ளி, இன்னொன்றின் முன்னால் கொம்பு, எண்ணெய்க் கடை லோகோவில் மிகவும் கஷ்டப்பட்ட இடம் அதுதான். தடிமனைக் குறைத்து, சுழிகளைக் கொஞ்சம் அகலமாக்கி, எழுத்துகளுக்கு இடையிலும் இடம் விட்டபிறகுதான் தெளிந்தது.

மூன்றாவது, இடைவெளி. ஞ, ண, ஆ அகலமானவை, ர, கால் குறி இரண்டும் ஒல்லியானவை. ஃபான்ட் தருகிற இடைவெளியை அப்படியே விட்டால் ஓர் இடம் நெருக்கமாகவும் ஓர் இடம் ஓட்டையாகவும் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள், எழுத்து எழுத்தாகத் தெரியாமல் வெறும் உருவமாகத் தெரியும்போது ஓட்டை எங்கே என்று கண் உடனே காட்டிவிடும்.

நான்காவது, ஆங்கிலத்தோடு சேர்த்து வைக்கும்போது. தமிழுக்கு மேலேயும் புள்ளியும் சுழியும் வரும், கீழேயும் உகர வால் வரும். இரண்டு மொழிக்கும் ஒரே பாயின்ட் அளவு கொடுத்தால் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தமிழை அமுக்கிவிடும். அளவு எண்ணைப் பார்க்காதீர்கள், எழுத்தின் உடல் உயரத்தைக் கண்ணால் ஒப்பிட்டுத் தமிழைப் பெரிதாக்குங்கள்.

ஃபான்டுக்கு எங்கே போவது என்றால், கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி 2, அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று நல்ல யூனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகவே இருக்கின்றன, இவை ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை, வியாபார லோகோவில் பயன்படுத்தலாம், வளைவுகளாக மாற்றித் திருத்தவும் செய்யலாம். யாரோ பென்டிரைவில் கொடுத்த ஃபான்டைக் கடைக்காரரின் தொழிலுக்குப் போடாதீர்கள், அதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது. எந்த ஃபான்டை எடுத்தாலும் அதை ஒரு தொடக்கமாக வையுங்கள். குறைந்தது ஓர் எழுத்தையாவது நீங்கள் வரைய வேண்டும், இல்லாவிட்டால் அதே ஃபான்டில் பெயர் எழுதுகிற அடுத்த கடைக்கும் இந்தக் கடைக்கும் வித்தியாசம் இருக்காது.

இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரையும் மென்பொருளில் தமிழ் தட்டும்போது 'கொ' உடைந்து கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் பயப்பட வேண்டாம், பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். படம் உருவாக்கித் தருகிற ஏஐ கருவிகளை யோசனைக்குப் பயன்படுத்தலாம், எழுத்துக்கு நம்ப வேண்டாம். பல சமயம் இல்லாத எழுத்தை எல்லாம் போட்டுத் தருகின்றன, பார்வைக்குத் தமிழ் மாதிரியே இருப்பதால் அவசரத்தில் கண்ணில் படாமல் போய்விடும்.

கம்ப்யூட்டரில் ஏற்றுவது

நாணய வட்டத்தில் தேறிய கிறுக்கலை போட்டோ எடுத்து, வெக்டர் மென்பொருளில் கீழே வைத்து, மேலே வரையுங்கள். இன்க்ஸ்கேப் இலவசம், புதியவர்களுக்கு அதுவே போதும். நம் ஊர் அச்சகங்களிலும் ஸ்டிக்கர் கடைகளிலும் பெரும்பாலும் கோரல்டிராதான் ஓடுகிறது, அதையும் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. போட்டோஷாப்பில் லோகோ வரையாதீர்கள். அது புள்ளிகளால் ஆன படம், பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டு மாதிரி உடையும். வெக்டர் என்பது வளைவுகளின் கணக்கு, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாகவே இருக்கும்.

ஆட்டோ டிரேஸ் என்று ஒரு வசதி இருக்கும், ஒரு கிளிக்கில் போட்டோவை வெக்டராக்கித் தரும். அதைத் தொடாதீர்கள். ஒரு வட்டத்துக்கு அதன் வளைவைப் பிடித்து நிறுத்துகிற நான்கு புள்ளி போதும், டிரேஸ் செய்தால் அறுபது புள்ளி போட்டுவைக்கும், ஓரம் கரடுமுரடாகும், ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒவ்வொரு புள்ளியிலும் தயங்கித் தயங்கி வெட்டும். செ-வின் கொம்பை நான் ஆறே புள்ளியில் முடித்தேன். வளைவு எங்கே மிக மேலே போகிறதோ, எங்கே மிகப் பக்கத்தில் போகிறதோ அங்கே மட்டும் புள்ளி வையுங்கள்.

முழுக்கக் கறுப்பில் மட்டும் வரையுங்கள். நிழல், சாய்வு நிறம், தங்க மினுமினுப்பு எதுவும் இப்போது கிடையாது. கறுப்பில் நிற்காத உருவத்தை நிறம் காப்பாற்றாது. அப்புறம் அதையே கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், வெள்ளை எப்போதும் கொஞ்சம் தடிப்பாகத் தெரியும், தேவைப்பட்டால் அதற்கென்று சற்று மெலிந்த ஒரு வடிவம் தனியாக வையுங்கள்.

கோடு எவ்வளவு ஒல்லியாக இருக்கலாம்? நான் வைத்துக்கொள்ளும் கணக்கு, அச்சாகும் மிகச் சின்ன அளவில் தாளில் ஆப்செட் அச்சுக்குக் கால் மில்லிமீட்டர், துணியில் ஸ்க்ரீன் பிரிண்டிங்குக்கு அரை மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் அறுந்துவிடும். கொம்பின் நுனியை முதலில் ஊசி மாதிரி வரைந்திருந்தேன், பையில் அடித்த மாதிரியில் நுனியே வரவில்லை, அப்புறம் அதை மழுக்கி உருண்டையாக்கினேன். உண்மையில் அதுதான் இன்னும் அழகாகவும் இருந்தது.

நிறம்

இரண்டு நிறம் போதும். முதலில் மஞ்சள் யோசித்தோம், எண்ணெய் என்றதும் எல்லோருக்கும் மஞ்சள்தானே தோன்றும். ஆனால் கண்ணாடி மாதிரியான பாட்டிலில் ஒளிபுகும் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தபோது பின்னாலிருந்த கடலை எண்ணெயின் மஞ்சளில் லோகோவின் மஞ்சள் கரைந்து காணாமல் போனது. மஞ்சப்பையிலும் அதே கதை. கடைசியில் அரக்கு நிறத்தை முதன்மையாக வைத்து, மஞ்சளை லேபிளின் பட்டைக்கு மட்டும் ஒதுக்கினோம். எந்தப் பொருளின்மேல் ஒட்டப்போகிறது என்று பார்க்காமல் நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

திரையில் தெரிவது ஒளி, அச்சில் வருவது மை. திரையில் பளபளக்கிற பச்சையும் ஆரஞ்சும் நான்கு மை அச்சில் மங்கித்தான் வரும். சிஎம்ஒய்கே எண்களை, அதாவது நான்கு மையும் எவ்வளவு என்பதை, தீர்மானித்து, அச்செடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, அப்புறம் திரைக்கான எண்ணை அதற்குப் பக்கமாகக் கொண்டுவாருங்கள். சின்ன எழுத்துகளை நான்கு மையும் கலந்த கறுப்பில் போடாதீர்கள், அச்சுத் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். வெறும் கறுப்பு மை நூறு சதவீதம் என்று வைத்தால் போதும்.

சோதித்துப் பார்ப்பது

லோகோவை 15 மில்லிமீட்டர் அகலத்தில் சாதாரண லேசர் பிரிண்டரில் எடுங்கள். அதை ஜெராக்ஸ் எடுங்கள், அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ். மூன்றாவது தாளிலும் பெயர் படிக்க முடிந்தால் ஸ்டாம்புக்குத் தாங்கும். அடுத்து ஏ4 தாளில் பெரிதாக எடுத்துச் சுவரில் ஒட்டி, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். டிபி வட்டமாகத்தான் வெட்டப்படும், அதற்குள் முழுப் பெயரும் அடங்காது, எனவே ஓர் எழுத்தோ ஒரு குறியோ தனியாக நிற்கிற மாதிரி ஒரு வடிவம் தேவை. எங்களுக்கு அந்த 'செ' மட்டுமே போதுமானதாக இருந்தது.

கடையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஐந்து வினாடி காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்க வேண்டாம், "என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

கடைக்காரரிடம் காட்டும் நாள்

பத்து மாதிரி கொண்டுபோனால் பத்தையும் கலந்து பதினொன்றாவதாக ஒன்று கேட்பார்கள். இரண்டு போதும், சிலசமயம் ஒன்றே போதும். வெள்ளைத் திரையில் காட்டாதீர்கள். அவர்களுடைய பாட்டிலில் ஒட்டி, அவர்களுடைய பையில் வைத்து, பலகையின் போட்டோவில் பொருத்திக் காட்டுங்கள். முடிவெடுக்கிற எல்லோரும் அன்றைக்கு இருக்கும்படி நேரம் கேளுங்கள், ஒருவர் விட்டுப்போனாலும் அவருக்காக முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். இந்த வேலையில் அண்ணனின் மனைவியான அக்காவை அழைக்காமல் பேசியிருந்தால் பெரிய தவறாகியிருக்கும், கடையில் நின்று விற்பது அவர்தான். லேபிளைக் கையில் எடுத்துத் தூர வைத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டது, "வயசானவங்க கண்ணாடி இல்லாம வந்தா எது கடலை எண்ணெய், எது நல்லெண்ணெய்னு தெரியுமுங்களா?" அது லோகோவைப் பற்றிய கேள்வி இல்லை, ஆனால் அதற்காக லோகோவை லேபிளில் ஒரு பங்கு குறைத்து எண்ணெயின் பெயரைப் பெரிதாக்கினோம். சரியான முடிவு அதுதான்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கொம்பின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "இது நம்ம காளைங்களா?" என்றார். நான் எதையும் விளக்கியிருக்கவில்லை.

திருத்தம் எத்தனை முறை என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள், நான் மூன்று முறை என்று வைத்திருக்கிறேன். "இன்னும் பெருசா", "வேற கலர்" என்று சொன்னால் உடனே மாற்றத் தொடங்காமல் எந்த இடத்தில் பார்த்தபோது அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். பாதி நேரம் பிரச்சினை வேறு எங்கோ இருக்கும்.

உரிமையும் பதிவும்

நீங்கள் வரைந்த லோகோவின் பதிப்புரிமை, கடைக்காரர் பணம் கொடுத்துவிட்டார் என்பதாலேயே அவருக்குப் போய்விடாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் மாற்ற முடியும். அதிலும் எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும், எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே முழுத் தொகையும் வந்தபிறகு, காலம், எல்லை இரண்டையும் தெளிவாகக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள், அவர் தொழில் அதை நம்பி நிற்கப்போகிறது. தயார் டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்த படத்தை வைத்து இதைச் செய்ய முடியாது, அதே படம் இன்னும் எத்தனையோ பேரிடம் இருக்கும்.

டிரேட்மார்க் பதிவுக்கான விண்ணப்பம் டிஎம்-ஏ படிவம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு தொழில் என்றால் இணையத்தில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. ஆய்வு முடிந்து டிரேட்மார்க் இதழில் வெளியானபின் யாரேனும் எதிர்க்க 4 மாதம் அவகாசம், பதிவானால் விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டு செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். லோகோவைக் கறுப்பு வெள்ளையில் கொடுத்துப் பதிவு செய்வது நல்லது, நிற வரம்பு இல்லாமல் பதிவானால் எல்லா நிறத்துக்கும் அது பொருந்தும். பதிவாகும்வரை டிஎம் என்ற சின்னக் குறியைப் போட்டுக்கொள்ளலாம், வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவுக்கு முன்னால் போடுவது குற்றம்.

கையில் கொடுப்பது

ஒரு போல்டரில் நான் வைப்பது: திருத்தக்கூடிய மூல ஃபைல், பிடிஎஃப், எஸ்விஜி, பின்னணி இல்லாத பிஎன்ஜி பெரியதும் சின்னதும், கறுப்பு வடிவம், வெள்ளை வடிவம், டிபிக்கான வட்ட வடிவம். கூடவே ஒரு பக்கத்தில் நிற எண்கள், எவ்வளவு சின்னதாக்கலாம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற குறிப்பு. மூல ஃபைலைக் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபைல் பெயரைத் தெளிவாக வையுங்கள், 'பில்லுக்கு கறுப்பு', 'போர்டுக்கு கலர்' என்று, அதைத் திறக்கப்போகிறவர் ஸ்டிக்கர் கடைப் பையன்.

எழுத்துகளை வளைவுகளாக மாற்றாமல் எந்த ஃபைலையும் வெளியே அனுப்பாதீர்கள். கோரலில் கண்ட்ரோல் க்யூ, இன்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத். நான் தொடங்கிய காலத்தில் வேறொரு வேலையில் இதை மறந்து அனுப்பிவிட்டேன், அச்சகத்தின் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லை, எழுத்து மாறி, கொம்பு போய் எழுத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. ஐயாயிரம் லேபிள். பணத்தை நான்தான் கொடுத்தேன். அதிலிருந்து, அனுப்பும் முன் அந்த ஃபைலைத் தமிழ் ஃபான்ட் எதுவும் ஏற்றாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

முதல் லேபிள் அச்சாகிற அன்றைக்கு அச்சகத்துக்கு நேரில் போங்கள். கையில் ஓர் எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினிலிருந்து வருகிற முதல் சில தாள்கள் நிறம் பிடிக்காமல்தான் வரும், ஓட்டுகிறவர் மையைச் சரிசெய்யும்வரை காத்திருங்கள். அப்புறம் ஒரு லேபிளை உரித்துப் பாட்டிலில் ஒட்டி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், க் மேல் புள்ளி இருக்கிறதா, கொம்பின் நுனி அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.